பல இன்ஜின்களுக்கு ஒரே கை வந்த கதை

மதுரைச் சந்திப்பில் பெங்களூரு வந்தே பாரத் வந்து நின்றால், பிளாட்பாரத்தின் முனைவரை நடந்துபோய் இன்ஜின் எங்கே என்று தேடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கி வைக்கப்பட்டு, முதலில் எட்டுப் பெட்டிகளோடு ஓடத் தொடங்கிய அந்த ரயிலுக்குத் தனி இன்ஜின் கிடையாது. பாதிப் பெட்டிகளின் அடியில் மோட்டார்கள் இருக்கின்றன. ஒவ்வொரு மோட்டார் பெட்டியும் தன்னளவில் ஓர் இன்ஜின்தான். அவை வரிசையாகக் கோத்துக்கொண்டு ஒரே உடம்பாகி, மதுரையைச் சுற்றிய சமவெளியைக் கடந்து திண்டுக்கல்லை நோக்கி ஓடுகின்றன. முன்முனை அறையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கைப்பிடியைத் தள்ளினால் எல்லா மோட்டார்களும் சேர்ந்து இழுக்கின்றன.

இது எப்படி நடக்கிறது என்று நாம் கேட்பதே இல்லை. கதைகளில் மட்டும் கேட்கிறோம். 1974இல் ஜப்பானில் கோ நகாயும் கென் இஷிகாவாவும் உருவாக்கிய ‘கெட்டர் ரோபோ’வில் மூன்று விமானங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செருகிக்கொண்டு ஒரே பூத உருவமாக எழும். எந்த விமானம் மேலே வருகிறதோ அதன் விமானிக்குத்தான் அந்த உடம்பு கட்டுப்படும். வரிசை மாறினால் உருவமும் மாறும், தலைமையும் மாறும். உலகமெங்கும் குழந்தைகள் பார்த்து வளர்ந்த இணையும் ரோபோக்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. நம் ஊரில் 2010இல் வெளியான ‘எந்திரன்’ படத்தின் உச்சக் காட்சியில் நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் பந்தாகவும் பாம்பாகவும் கடைசியில் ஒற்றை ராட்சத உருவமாகவும் திரண்டதை மதுரைத் திரையரங்குகள் ஆரவாரத்தோடு பார்த்தன. அங்கே ஒரு சிட்டி வசப்பட்டதும் மொத்தக் கூட்டமும் வசப்பட்டுவிடுகிறது. திரைக்கதைக்கு அது வசதியான தீர்வு. உண்மையான இயந்திரங்களை ஒன்றாக்கியவர்களுக்கு அவ்வளவு எளிதான வழி கிடைக்கவில்லை.

பலர் சேர்ந்து ஒரு பெரிய உடம்பை நகர்த்துவதில் உள்ள சிக்கல் மதுரைக்குப் புதிதில்லை. சித்திரைத் தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குத் தேரின் சக்கரம் தெரியாது. சக்கரத்தருகே முட்டுக்கட்டையோடு நிற்பவர்களுக்கு வடத்தின் முன்முனை தெரியாது. மாசி வீதி முனைகளில் தேர் திரும்பும்போது இந்த இரண்டு கூட்டமும் ஒரே எண்ணத்தில் இருந்தாக வேண்டும். மனிதர்கள் கொடியைப் பார்த்தும் குரலைக் கேட்டும் சமாளித்துவிடுவார்கள். இரும்புக்கு எதைக் கொண்டு சொல்வது?

மதுரைக் கோட்டத்தின் மேற்கு ஓரத்தில் இந்தக் கேள்வி தினமும் எழுந்தது. செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து புனலூருக்கும் கொல்லத்துக்கும் போகும் பாதை 1904இல் திறக்கப்பட்டது. குகைகள், பதின்மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம், ஓயாத வளைவுகள், ஏற்றம். ஒற்றை நீராவி இன்ஜினால் முழு ரயிலையும் இழுத்து ஏற்ற முடியாத இடங்களில் முன்னால் ஒன்று இழுக்கும், பின்னால் ஒன்று தள்ளும். பின்னாலிருந்து தள்ளுவதை ரயில்வேக்காரர்கள் பேங்கர் என்பார்கள்.

முன் இன்ஜின் டிரைவருக்குப் பின் இன்ஜின் தெரியாது. நடுவே பெட்டிகள், புகை, வளைவுக்கு வளைவு மறைக்கும் மலை. இருவருக்கும் இடையே இருந்தது விசில் மட்டுமே. புறப்படத் தயார் என்பதற்கு முன் இன்ஜின் ஒரு சிறு விசில் கொடுக்கும். பேங்கரும் ஒரு சிறு விசில் கொடுத்து ஒப்புக்கொள்ளும். அதன் பிறகு நடப்பதெல்லாம் அனுபவம்தான். முன்னவர் வேகமாக இழுத்து, பின்னவர் தாமதித்தால் நடுவில் கப்ளிங் அறுந்துவிடலாம். பின்னவர் மிகையாகத் தள்ளி, முன்னவர் தளர்ந்தால் வளைவில் பெட்டிகள் நெருக்குண்டு தண்டவாளத்தைவிட்டு எழும்பலாம். ஏற்றத்தின் உச்சியில் இன்னும் கடினம். முன் இன்ஜின் இறக்கத்தில் கால் வைத்துப் பிடித்து நிறுத்தப் பார்க்கும் நேரத்தில் பின் இன்ஜின் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரே ரயிலின் இரண்டு முனைகளுக்கும் அந்த நிமிடத்தில் நேர் எதிரான தேவைகள். பெட்டிகளின் அசைவைத் தம் இன்ஜினின் அதிர்விலேயே உணர்ந்து ரெகுலேட்டரைக் கூட்டிக் குறைத்த அந்த டிரைவர்களின் திறமையைப் பாராட்ட நம்மிடம் போதுமான எழுத்து இல்லை.

நீராவிக்கு இதைவிட நல்ல தீர்வு கிடையாது. ஒவ்வொரு கொதிகலனுக்கும் கரி அள்ளிப்போட ஆள் வேண்டும், தண்ணீர் மட்டத்தைப் பார்க்கக் கண் வேண்டும். இரண்டு இன்ஜின் என்றால் இரண்டு குழு. மின்சாரம் வந்த பிறகுதான் பல இன்ஜின்களை ஒரே கையில் கொடுக்கும் வழி பிறந்தது.

அதைப் பெற்றெடுத்தவர் ஃபிராங்க் ஸ்பிரேக். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்து, 1883இல் எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்து, சீக்கிரமே விலகியவர். 1888இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரத்தில் மின்சார டிராம்களை ஓட்டிக் காட்டியவர். அதன் பின் அவர் போன இடம் எதிர்பாராதது: லிஃப்ட். உயரக் கட்டடங்களில் மின்சார லிஃப்டுகளை அமைத்தபோது, ஒவ்வொரு லிஃப்டின் மோட்டாரையும் தொலைவிலிருந்து இயக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அப்படியானால் பல லிஃப்டுகளை ஒரே சுவிட்சால் ஓட்டலாமே என்று தோன்றியது. லிஃப்டுகளைப் படுக்க வைத்து ஒன்றோடொன்று கோத்தால் அதுவே ரயில்.

அப்போது சிகாகோவில் தூண்களின் மேல் ஓடிய சவுத் சைடு ரயில் பாதை நீராவியில் நடந்துகொண்டிருந்தது. அதை மின்சாரத்துக்கு மாற்ற விரும்பிய கம்பெனியிடம் 1897இல் ஸ்பிரேக் போனார். மற்றவர்கள் மின்சார இன்ஜின் ஒன்றை முன்னால் வைத்துப் பெட்டிகளை இழுக்கச் சொன்னார்கள். அவர் எல்லாப் பெட்டிகளிலும் மோட்டார் வைக்கச் சொன்னார். காரணம் எளிமையானது. தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ளும் பலம் சக்கரத்தின் மேலிருக்கும் எடையிலிருந்து வருகிறது. இன்ஜின் மட்டும் இழுத்தால் இன்ஜினின் எடை மட்டுமே பிடிப்பைத் தரும். பெட்டிகளே இழுத்தால் பயணிகளின் எடைகூடப் பிடிப்பாக மாறும். எத்தனை பெட்டி சேர்த்தாலும் அதே விகிதத்தில் பலமும் சேரும். கம்பெனி ஒப்புக்கொண்டது, ஆனால் 120 பெட்டிகளுக்கான அந்த வேலைக்கு ஒரு லட்சம் டாலர் பிணை கேட்டது. தோற்றால் ஸ்பிரேக்கின் வாழ்க்கையே முடிந்திருக்கும்.

அவருடைய யோசனையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். ஓட்டுநரின் கைப்பிடியிலிருந்து மோட்டார்களுக்கு மின்சக்தி போகவில்லை. மெல்லிய கம்பிகளில் உத்தரவு மட்டும் போயிற்று. ‘முன்னே போ’, ‘வேகம் கூட்டு’, ‘நிறுத்து’ என்ற அளவில்தான் அந்த உத்தரவு. ஓடத் தேவையான மின்சாரத்தை ஒவ்வொரு பெட்டியும் தானே பாதையை ஒட்டிய மின்தண்டவாளத்திலிருந்து எடுத்துக்கொண்டது. உத்தரவு வந்ததும் எல்லாப் பெட்டிகளும் கண்ணை மூடிக்கொண்டு பாயவுமில்லை. ஒவ்வொன்றிலும் இருந்த ஒரு சிறிய ரிலே, தன் மோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அது ஓர் அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே அடுத்த படிக்குப் போக அனுமதித்தது. கூட்டம் ஏறிக் கனத்த பெட்டி மெதுவாகப் படியேறும், காலிப் பெட்டி வேகமாக ஏறும். போக வேண்டும் என்ற எண்ணம் ஒன்று. எப்போது அடுத்த அடி எடுத்து வைப்பது என்பது அவரவர் முடிவு.

மலையில் விசில் கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்களும் செய்ய முயன்றது இதைத்தான். ஸ்பிரேக் அந்த இரண்டாவது டிரைவரின் நிதானத்தை ஒரு ரிலேயாக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். என் பார்வையில் ரயிலின் வரலாற்றில் நீராவி இன்ஜினுக்கு அடுத்த பெரிய பிறப்பு இதுவே. புல்லட் ரயிலும் மெட்ரோவும் இதன் பிள்ளைகள்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இரண்டு பெட்டிகள் எதிரெதிர் திசை பார்த்து நின்றபடி இணைந்தால், ஒன்றுக்கு முன்பக்கம் என்பது மற்றதற்குப் பின்பக்கம். ‘முன்னே போ’ என்றால் இரண்டும் எதிர்த் திசையில் இழுத்து மல்லுக்கட்டும். ஸ்பிரேக் பெட்டிகளை இணைக்கும் கேபிளில் இரண்டு கம்பிகளை மாற்றிப் போட்டு இதைத் தீர்த்தார். எந்தப் பெட்டியை எந்தப் பக்கம் திருப்பிக் கோத்தாலும், ஓட்டுநர் பார்க்கும் திசையே எல்லாவற்றுக்கும் முன்பக்கம் ஆயிற்று.

1897 ஜூலையில் ஸ்கெனெக்டடி நகரத்தில் சோதனை ஓட்டம் நடந்தது. கம்பெனி அதிகாரிகள் பார்த்துக்கொண்டிருக்க, பல பெட்டிகள் கொண்ட ரயிலைத் தம் பத்து வயது மகன் டெஸ்மண்டிடம் கொடுத்து ஓட்டச் சொன்னார் ஸ்பிரேக். சிறுவன் ஓட்டினான், ரயில் கீழ்ப்படிந்தது. அடுத்த ஆண்டே சிகாகோவின் அந்தப் பாதை நீராவியை முழுக்கக் கைவிட்டது.

நம் பக்கம் இது வர அதிக காலம் ஆகவில்லை. 1925இல் பம்பாயிலும், 1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையிலும் மின்சார ரயில்கள் ஓடத் தொடங்கின. தாம்பரம் ரயிலை ஓட்டிய தென்னிந்திய ரயில்வே கம்பெனிதான் மதுரைக்கும் ரயில் விட்டது. ஆனால் மதுரை வெகுகாலம் நீராவியிலும் பிறகு டீசலிலும் இருந்தது. 1960களிலிருந்து வந்த ஒய்.டி.எம்-4 என்ற மீட்டர்கேஜ் டீசல் இன்ஜின்களை ஒட்டிக் கோத்துக் கேபிள் மாட்டினால், ஒரே குழு இரண்டையும் ஓட்டலாம். செங்கோட்டை மலையிலோ ஒன்று முன்னால், ஒன்று பின்னால். நடுவிலுள்ள பெட்டிகளில் அந்தக் கேபிள் கிடையாது. எனவே டீசல் வந்த பிறகும் அங்கே இரண்டு குழுக்கள்தான். அகலப்பாதையாக்க 2010இல் மூடும்வரை அந்த மீட்டர்கேஜ் மலைக்கு விசில் தேவைப்பட்டது. பாதை மீண்டும் திறந்தது 2018இல்.

கேபிள் இல்லாத இடைவெளியை ரேடியோவால் கடக்கும் முயற்சி அமெரிக்காவில் 1960களில் தொடங்கியது. இந்தியாவில் அதன் பெரிய வடிவத்தை 2022 ஆகஸ்ட் 15 அன்று பார்த்தோம். ஐந்து சரக்கு ரயில்களை ஒன்றாகக் கோத்த ‘சூப்பர் வாசுகி’ சத்தீஸ்கரின் கோர்பாவிலிருந்து புறப்பட்டது. 295 வேகன், ஆறு இன்ஜின், மூன்றரை கிலோமீட்டர் நீளம், சுமார் 27,000 டன் நிலக்கரி. இவ்வளவு நீண்ட ரயிலின் தலை ஏறிக்கொண்டிருக்கும்போது வால் இறங்கிக்கொண்டிருக்கலாம். உத்தரவு காற்றில் போகும்போது, குகையிலோ மலை மறைவிலோ பேச்சு அறுந்தால் பின் இன்ஜின் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அதற்குள் எழுதிவைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது போவதற்கான கட்டுப்பாடு. நிற்பதற்கான கட்டுப்பாடு இதைவிட மூத்தது, அதன் விதியே வேறு. 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்கைக் கொண்டுவந்தார். முதலில் காற்றை அனுப்பினால் பிரேக் பிடிக்கும்படி இருந்தது. குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872இல் அதைத் தலைகீழாக மாற்றினார். குழாயில் அழுத்தம் இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், அழுத்தம் இறங்கினால் எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் பிடிக்கும். ரயில் நடுவில் அறுந்தால் இரண்டு துண்டும் தாமாக நிற்கும். நம் மீட்டர்கேஜ் ரயில்களில் இருந்த வேக்குவம் பிரேக்கும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான், அழுத்தத்துக்குப் பதில் வெற்றிடம்.

இதனால் ரயிலில் ஓர் அரிய ஏற்பாடு உண்டாயிற்று. ரயிலை ஓட்டும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருந்தது. நிறுத்தும் அதிகாரம் டிரைவரிடமும் கார்டிடமும் மட்டுமின்றி, பெட்டிக்குப் பெட்டி தொங்கும் சங்கிலி வழியாக ஒவ்வொரு பயணியிடமும் இருந்தது. பாண்டியன் எக்ஸ்பிரஸ் ரயிலில் மேல் படுக்கையில் படுத்திருக்கும் பயணி சங்கிலியை இழுத்தால் குழாயின் அழுத்தம் கசிந்து பிரேக் பிடிக்கத் தொடங்கும். தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி ஓராண்டுவரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். தண்டனை இருந்தும் அந்த அதிகாரத்தைப் பயணியின் கையிலிருந்து பறிக்கவில்லை. அது எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

வந்தே பாரத்தில் இந்த இடம் மாறியிருக்கிறது. சங்கிலிக்குப் பதிலாக அபாயப் பொத்தானும் ஓட்டுநரோடு பேசும் கருவியும் இருக்கின்றன. எங்கே நிறுத்துவது என்பதை ஓட்டுநர் முடிவு செய்வார். தீயோ புகையோ கிளம்பினால், குகைக்குள்ளோ பாலத்தின் மேலோ ரயில் நின்றுவிடுவதைவிட அதைத் தாண்டி வந்து நிற்பது உயிரைக் காக்கும். அந்தக் காரணம் வலுவானது, நான் அதை ஏற்கிறேன். ஆனால் அந்தப் பேச்சுக் கருவி ஒவ்வொரு நாளும் சோதிக்கப்பட வேண்டும், மறுமுனையில் பேசுபவருக்கு மதுரையில் ஏறிய பாட்டியின் தமிழும் புரிய வேண்டும்.