கால்வலியோட ரேஸ் ஓடலாமா, வேணாமா? ‘டர்க்கி ட்ராட்’ சீசனில் எழும் கேள்விக்கு முழு விளக்கம்

பெயர் கொடுத்தாச்சு. காசும் கட்டியாச்சு. வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி டி-சர்ட் கூட வந்தாச்சு. ரேஸுக்கு இன்னும் பத்தே நாள். அப்போ பார்த்து குதிகாலில் ஒரு வலி. காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போதே சுள்ளென்று இழுக்கிறது.

“ஓடினா சரியாயிடும்” என்பார் ஒருவர். “மாத்திரை போட்டுட்டு ஓடு” என்பார் இன்னொருவர். “பேசாம வீட்டுல இரு” என்பார் அம்மா. இதில் யார் பேச்சைக் கேட்பது?

குளிர்கால விடுமுறை ஓட்டங்கள் தொடங்கும்போதெல்லாம் எழும் கேள்வி இது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘டர்க்கி ட்ராட்’ என்றால் என்ன?

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை ‘தேங்க்ஸ்கிவிங்’ பண்டிகை. நன்றி சொல்லும் நாள். மதியம் வான்கோழி விருந்து நடக்கும். அதற்கு முன்னால், காலையிலேயே ஊர் ஊராகச் சாலை ஓட்டம் நடத்துவார்கள். அதற்குத்தான் ‘டர்க்கி ட்ராட்’ என்று பெயர். டர்க்கி என்றால் வான்கோழி, ட்ராட் என்றால் மெதுவோட்டம்.

பெரும்பாலும் 5 கி.மீ., 8 கி.மீ., 10 கி.மீ. தூரம்தான். தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி என மொத்தக் குடும்பமும் இறங்கும். வான்கோழி வேஷம் போட்டுக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு. அமெரிக்காவில் மிக அதிகம் பேர் சாலை ஓட்டங்களில் கலந்துகொள்ளும் நாட்களில் இதுவும் ஒன்று.

எப்போது தொடங்கியது?

நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் 1896-ம் ஆண்டு தேங்க்ஸ்கிவிங் நாளில் ஒய்எம்சிஏ அமைப்பு இந்த ஓட்டத்தைத் தொடங்கியது. ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்த அதே வருடம். புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தான் தொடங்கியதே அதற்கு அடுத்த ஆண்டு, 1897 ஏப்ரலில்தான்.

அந்த முதல் ஓட்டத்தில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் 6 பேர். முடித்தவர்கள் 4 பேர். மீதி 2 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இன்று அதே பஃபலோவில் 8 கி.மீ. தூரத்துக்கு ஆயிரக்கணக்கானோர் ஓடுகிறார்கள். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் டிசம்பர் 31 அன்று நடக்கும் 10 கி.மீ. ‘சான் சில்வெஸ்த்ரே வயேகானா’ ஓட்டமும் இதே வகைதான். அது 1964 முதல் நடக்கிறது.

குளிருக்கும் காயத்துக்கும் என்ன சம்பந்தம்?

குளிரில் தோலுக்கும் கை, கால் நுனிகளுக்கும் போகும் ரத்தம் குறையும். உடலின் நடுப்பகுதியைச் சூடாக வைத்திருக்க உடம்பு செய்யும் ஏற்பாடு இது. விளைவு, தசைகளும் தசைநாண்களும் விறைப்பாக இருக்கும். ஏற்கெனவே அடிபட்ட இடம் என்றால் அந்த விறைப்பு இன்னும் அதிகமாகத் தெரியும்.

இரண்டாவது, தரை. நவம்பர் கடைசியில் பஃபலோ போன்ற ஊர்களில் காலை வெப்பநிலை உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். சாலையில் கண்ணுக்கே தெரியாத மெல்லிய பனிப்படலம் இருக்கலாம். வலிக்கும் காலைக் காப்பாற்றிக்கொண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து ஓடுபவர்தான் முதலில் வழுக்குவார்.

மூன்றாவது, எடை. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல சுமார் 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்குகிறது. 70 கிலோ எடை உள்ளவருக்கு அது 140 முதல் 210 கிலோவுக்குச் சமம். 8 கி.மீ. ஓடி முடிக்க ஏறத்தாழ 8,000 முதல் 9,000 அடிகள் வைக்க வேண்டியிருக்கும். ‘சின்ன வலிதானே’ என்று நினைப்பது எத்தனை முறை இடிபடும் என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

எந்த வலி, என்ன சொல்கிறது?

எல்லா வலியும் ஒன்றல்ல. ஓடுபவர்களுக்கு அடிக்கடி வருபவை இவை:

▪ குதிகால் அடியில் வலி: காலையில் முதல் அடியில் சுள்ளென்று வலித்து, கொஞ்ச நேரம் நடந்ததும் குறையும். பாதத்தின் அடியில் இருக்கும் பட்டை போன்ற திசு பாதிக்கப்படுவதால் வருவது. ‘பிளான்டார் ஃபேசியைட்டிஸ்’ என்பார்கள். வலி லேசாக இருந்தால் பலரால் கவனத்தோடு ஓட முடியும்.

▪ குதிகாலுக்கு மேலே, பின்பக்கம்: இது அக்கிலிஸ் தசைநாண். காலையில் விறைப்பாக இருந்து, உடம்பு சூடேறியதும் குறையும். ஓடும்போது குறைந்து, மறுநாள் காலை இரண்டு மடங்காக வந்தால் எச்சரிக்கை. ‘டப்’ என்ற சத்தத்தோடு, யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி இருந்தால் தசைநாண் அறுந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

▪ முட்டியைச் சுற்றி வலி: மாடிப்படி இறங்கும்போது முட்டிச் சில்லைச் சுற்றி வலிப்பது ஒரு வகை. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் முட்டியின் வெளிப்பக்கத்தில் வலி தொடங்குவது இன்னொரு வகை. இறக்கமான சாலையில் இரண்டுமே அதிகமாகும்.

▪ முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் வலி: இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். எலும்பின் உள் ஓரத்தில் நீளமாகப் பரவிய வலி என்றால் ‘ஷின் ஸ்பிளின்ட்’ ஆக இருக்கலாம். ஒரே புள்ளியில், விரலால் அழுத்தினால் துடிக்கும் வலி, ஒற்றைக்காலில் குதித்தால் வலி, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலி என்றால் எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். இதுதான் ‘ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்’. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ தேவைப்படும்.

▪ தொடை இடுக்கில் ஆழமான வலி: ஓடுபவர்களுக்கு இது இருந்தால் அலட்சியமே கூடாது. இடுப்பு மூட்டுக்குப் பக்கத்தில் எலும்பு விரிசலாக இருந்து, அதோடு ஓடினால் முழுதாக முறிந்து அறுவை சிகிச்சை வரை போகக்கூடும்.

▪ கணுக்கால் சுளுக்கு: சுளுக்கிய காலை ஊன்றி நான்கு அடி கூட நடக்க முடியவில்லை என்றால், அதை வெறும் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஓடலாமா? முடிவு செய்வது எப்படி?

பிசியோதெரபிஸ்ட்கள் பயன்படுத்தும் எளிய வழி ஒன்று இருக்கிறது. வலிக்கு 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் தாங்கவே முடியாத வலி.

🟢 0 முதல் 2: ஓடலாம்.

🟡 3 முதல் 5: வேகத்தைக் குறைத்து, நடந்தும் ஓடியும் போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

🔴 5-க்கு மேல்: ஓட வேண்டாம்.

இந்தக் கணக்கு தசை, தசைநாண் வலிகளுக்கு மட்டும்தான். எலும்பு விரிசல் சந்தேகம் இருந்தால் மதிப்பெண் 1 என்றாலும் ஓடக் கூடாது.

இதோடு இன்னொரு விதி. நொண்டினால் நிறுத்திவிட வேண்டும். வலி குறைவாக இருந்தாலும் உங்கள் நடை மாறிவிட்டது என்றால், நல்லா இருக்கும் இன்னொரு காலும் இடுப்பும் அந்தச் சுமையை வாங்கிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

ரேஸுக்கு 4, 5 நாள் முன்னால் ஒரு சோதனை ஓட்டம் போடுங்கள். மெதுவாக 20 நிமிடம் போதும். அன்று இரவும் மறுநாள் காலையும் கால் என்ன சொல்கிறது என்று பாருங்கள். வேகத்தைச் சோதிக்க வேண்டாம், ‘முடியுமா’ என்று மட்டும் பாருங்கள்.

மாத்திரை போட்டுட்டு ஓடலாமா?

வேண்டாம். காரணம் இரண்டு.

ஒன்று, வலி என்பது உடம்பு அடிக்கும் அலாரம். மாத்திரை அலாரத்தை மட்டும்தான் அணைக்கும், தீயை அணைக்காது.

இரண்டு, ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. ஓடும்போது வியர்வையில் நீர்ச்சத்தும் குறைந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சிக்கல். வயிற்றுப் புண், ரத்தக்கசிவு அபாயமும் இருக்கிறது.

‘ஒரு ஊசி போட்டா போதும்’ என்று தசைநாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு உடனே ஓடுவது இன்னும் ஆபத்து. தசைநாண் பலவீனமாகி அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு.

ஓடுவது என்று முடிவெடுத்துவிட்டால்?

✅ ஸ்டார்ட்டுக்கு முன்னால் 10 முதல் 15 நிமிடம் உடம்பைச் சூடேற்றுங்கள். வேக நடை, பிறகு மெதுவோட்டம், பிறகு காலை முன்னும் பின்னும் வீசுவது. குளிர்ந்த தசையை நின்ற இடத்தில் இழுத்துப் பிடித்து வைப்பது வார்ம்-அப் ஆகாது.

✅ கூட்டத்தின் கடைசியில் நில்லுங்கள். முன்னால் நின்றால் மற்றவர்களின் வேகம் உங்களையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

✅ முதல் நிமிடத்திலிருந்தே நடையையும் ஓட்டத்தையும் கலந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு 2 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. முன்னாள் ஒலிம்பிக் ஓட்டக்காரர் ஜெஃப் கேலோவே பிரபலப்படுத்திய முறை இது. வலி வந்த பிறகு நடப்பதைவிட, வருவதற்கு முன்பே நடப்பதுதான் இதன் சூட்சுமம்.

✅ தண்ணீர் வடிவதற்காகச் சாலையின் ஓரம் சரிவாக இருக்கும். கணுக்கால், முட்டி வலி உள்ளவர்கள் சாலையின் நடுவில் ஓடுவது நல்லது.

✅ ரேஸ் அன்று புது ஷூ வேண்டவே வேண்டாம்.

✅ போனையும், மெல்லிய ஜாக்கெட் ஒன்றையும் கூடவே வைத்திருங்கள். இது ரொம்ப முக்கியம். வியர்வையில் நனைந்த உடையோடு குளிரில் திடீரென நின்றால் உடல் வெப்பம் வேகமாக இறங்கும். காயத்தால் பாதியில் நிற்பவருக்கு முதல் ஆபத்து காலில் இல்லை, குளிரில்தான்.

ஓட முடியலைன்னா காசு போச்சா?

எப்போதும் அப்படி இல்லை. சில போட்டிகளில் குறைந்த தூரத்துக்கு மாறிக்கொள்ளலாம். சிலவற்றில் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாம். பதிவு செய்தபோது வந்த மெயிலில் விதிகள் இருக்கும், கடைசித் தேதியைப் பாருங்கள். டர்க்கி ட்ராட்களில் நடந்தே முடிப்பவர்கள் ஏராளம், அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. தண்ணீர் கொடுக்கும் தன்னார்வலராகவும் போகலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஏற்பாட்டாளர்களிடம் சொல்லாமல் உங்கள் பிப் நம்பரை நண்பரிடம் கொடுத்து ஓட வைக்காதீர்கள். அவர் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழு பார்ப்பது உங்கள் பெயரையும் உங்கள் வீட்டு நம்பரையும்தான்.

ஓடி முடித்த பிறகு?

உடனே உட்காராமல் 10 நிமிடம் மெதுவாக நடங்கள். ஈர உடையை மாற்றுங்கள். வலிக்கும் இடத்தில் துணியில் சுற்றிய ஐஸை 10 முதல் 15 நிமிடம் வைக்கலாம்.

விடுமுறை என்பதால் பலர் அன்றைக்கே நெடுந்தூரம் காரிலோ விமானத்திலோ பயணம் செய்வார்கள். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, வலித்தால் ‘ஓடினதால வந்த வலி’ என்று விட்டுவிட வேண்டாம். ரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எந்த வலியாக இருந்தாலும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் பரிசோதனை அவசியம்.

சென்னையில் ஓடுபவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். சென்னை மாரத்தான், மும்பை மாரத்தான் இரண்டுமே ஜனவரியில்தான் நடக்கின்றன. மார்கழிக் காலைக் குளிர் பஃபலோ குளிர் இல்லை என்பதால் பனியில் வழுக்கும் பயம் இங்கே இல்லை. அதற்குப் பதிலாக வியர்வையும் நீர்ச்சத்து இழப்பும் இருக்கின்றன. அதனால் வலி மாத்திரை விஷயத்தில் இங்கே ஓடுபவர்கள் இன்னும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வலிக்கு மதிப்பெண் போடுவது, நொண்டினால் நிறுத்துவது ஆகிய விதிகளில் எந்த மாற்றமும் இல்லை.

பெரிய வீரர்களும் பாதியில் நிற்பார்களா?

நிற்பார்கள். இரண்டு முறை ஒலிம்பிக் மாரத்தான் தங்கம் வென்ற கென்யாவின் எலியுட் கிப்சோகே, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதுகுவலியால் சுமார் 30 கி.மீ. தாண்டியதும் ஓட்டத்தை நிறுத்தினார். அவர் ஒரு மாரத்தானை முடிக்காதது அதுவே முதல் முறை. சாலையோரம் நின்ற ரசிகர்களிடம் தன் ஷூவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொரு பக்கமும் உண்டு. அப்போதைய பெண்கள் மாரத்தான் உலக சாதனையாளர், பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப். 2008-ல் தொடை எலும்பு விரிசலிலிருந்து மீண்ட சில மாதங்களிலேயே பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஓடினார். வலியோடு கோட்டைத் தொட்டபோது அவருக்குக் கிடைத்தது 23-வது இடம். அவர் ஓடியது ஒலிம்பிக், சுற்றிலும் மருத்துவக் குழு இருந்தது. நமக்கு முன்னால் இருப்பது ஒரு டி-சர்ட்டும் மதிய விருந்தும்தான்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன கணக்குக்கு வருவோம். 1896-ல் பஃபலோவில் ஓடிய 6 பேரில் 2 பேர் பாதியில் நின்றார்கள். அதனால் ஓட்டம் நின்றுவிடவில்லை, இன்றும் நடக்கிறது. அடுத்த தேங்க்ஸ்கிவிங்கும் வரும், அடுத்த ஜனவரியும் வரும். அப்போது ஓட உங்கள் கால் நல்லா இருக்கணும், அவ்வளவுதான்.

(இது பொதுவான தகவல் மட்டுமே. உங்கள் காயத்துக்கான முடிவை மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு எடுங்கள்.)