ஜே.சி. குமரப்பா: அரசியல், அறிவியல், அறம், தற்சார்பு

ஜே.சி. குமரப்பா (ஜனவரி 4, 1892 – ஜனவரி 30, 1960) காந்தியப் பொருளியல் அறிஞர், கணக்குத் தணிக்கையாளர், கிராமத் தொழில் இயக்கத்தின் அமைப்பாளர். அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். இறுதிக் காலத்தை மதுரை வட்டாரத்தில், தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார். ஆட்சி கைமாறுவது மட்டுமே விடுதலை ஆகாது என்பது அவருடைய கருத்து. ஒரு கிராமம் தன் உணவு, உடை, தொழில் ஆகியவற்றைத் தானே முடிவுசெய்யும் நிலையையே அவர் விடுதலை என்றார். அரசியல், அறிவியல், அறம் ஆகிய மூன்றையும் இந்த அளவுகோலைக் கொண்டே மதிப்பிட்டார்.

மதுரைப் பின்னணி

தற்சார்பு என்ற சொல்லுக்கு மதுரையில் ஒரு முன்வரலாறு உண்டு. மதுரா மில்ஸ், பிரிட்டிஷ் முதலீட்டில் வளர்ந்த பெரிய நூற்பாலைகளுள் ஒன்று. அதே நகரில் கைத்தறியும் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆலை நூலும் கைத்தறியும் ஒன்றையொன்று சார்ந்தும், ஒன்றோடொன்று மோதியும் நின்ற ஊர் இது.

1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது தன் வழக்கமான உடையை விட்டு அரையாடைக்கு மாறினார். அந்நிய துணியைத் துறந்துவிட்டு அதற்கு ஈடாகக் கதர் வாங்கப் பணமில்லாத ஏழைகளின் நிலையே அவரை அந்த முடிவுக்குக் கொண்டுவந்தது. உடுத்தும் துணியும் ஓர் அரசியல் முடிவுதான் என்பதை மதுரை அன்று கண்டது. பின்னாளில் குமரப்பா இதே எண்ணத்தை உண்ணும் அரிசி, எரிக்கும் எண்ணெய், எழுதும் காகிதம் வரை நீட்டினார்.

பிறப்பு, கல்வி

குமரப்பா தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது இளமைப் பெயர். முன்னோரின் பெயரான குமரப்பா என்பதைப் பின்னர் ஏற்றுக்கொண்டார். அவருடைய சகோதரர் பாரதன் குமரப்பாவும் காந்திய இயக்கத்தில் பங்காற்றியவர்.

லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று அங்கேயே சில ஆண்டுகள் பணியாற்றினார். 1919-ல் நாடு திரும்பி பம்பாயில் தணிக்கைத் தொழில் செய்தார். மேலைநாட்டு உடையும் வாழ்க்கை முறையும் அப்போது அவருக்கு இயல்பானவை. 1927-ல் அமெரிக்கா சென்று சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்திலும், பிறகு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் படித்தார்.

கொலம்பியாவில் அவருடைய ஆசிரியர் பொது நிதியியல் அறிஞர் எட்வின் செலிக்மன். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றிக் குமரப்பா ஆற்றிய உரையைச் செய்தித்தாள் வழியாக அறிந்த செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அரசு எங்கிருந்து வரி வாங்கி எதற்குச் செலவிடுகிறது என்பதைக் கணக்காளரின் கண்ணோடு குமரப்பா பார்த்தார். உழவரிடம் வாங்கிய பணம் உழவருக்குத் திரும்பாமல் படைக்கும் கடனுக்கும் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போவதைக் கண்டார். அதுவரை பேரரசின் மேல் அவருக்கிருந்த மதிப்பை அந்த ஆய்வு மாற்றியது.

காந்தியுடன் பணி

1929-ல் நாடு திரும்பிய குமரப்பா சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அவருடைய ஆய்வு ‘யங் இந்தியா’ இதழில் தொடராக வெளிவந்தது. குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த மாதர் வட்டத்தில் பொருளாதார ஆய்வு நடத்தும் பொறுப்பைக் காந்தி அவரிடம் கொடுத்தார். குஜராத் வித்யாபீட மாணவர்களுடன் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடுவீடாகத் தகவல் திரட்டினார். வரிச்சுமை உழவரின் தாங்கும் சக்தியை மீறியது என்பதை எண்களால் காட்டிய ஆய்வு அது.

உப்புச் சத்தியாகிரகக் காலத்தில் ‘யங் இந்தியா’ இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றுச் சிறை சென்றார். ஆங்கிலேய ஆட்சிக்குத் துணைநின்ற திருச்சபைத் தலைவர்களோடு 1930-ல் வெளிப்படையாக விவாதித்தார். மதம் மாறாமலேயே, இயேசுவைப் பின்பற்றுபவர் சத்தியாகிரகத்தின் பக்கம்தான் நிற்க முடியும் என்று வாதிட்டார்.

1934 ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் கணக்குகளைக் குமரப்பா கவனித்தார். தொண்டர்களின் சாப்பாட்டுச் செலவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என வரம்பு வைத்தார். காந்தியும் உடன்வந்தவர்களும் அங்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத மறுத்துவிட்டார் என்பது அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் நிகழ்ச்சி. பொதுப்பணம் யாருக்காகத் திரட்டப்பட்டதோ அவருக்கு மட்டுமே உரியது என்பது அவர் தளர்த்தாத விதி.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் வார்தாவில் தொடங்கப்பட்டது. குமரப்பா அதன் செயலாளரானார். செக்கு, தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம், கையால் செய்யும் காகிதம் ஆகியவற்றில் அங்கு ஆய்வும் பயிற்சியும் நடந்தன.

அறிவியல் பற்றிய கருத்து

குமரப்பாவை அறிவியலுக்கு எதிரி எனச் சொல்வோர் உண்டு. அவர் எதிர்த்தது அறிவியலை அல்ல. அறிவியல் என்பது இயற்கையின் ஒழுங்கைக் கற்பது. அந்த ஒழுங்கோடு இசைந்து வேலைசெய்யும் கருவியே அறிவியல் கருவி என்பது அவருடைய விளக்கம். பெரிய இயந்திரம் என்பதாலேயே ஒன்று அறிவியல் ஆகிவிடாது.

அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஒன்று அரிசி. ஆலையில் தீட்டும்போது தவிட்டோடு சத்தும் போகிறது. வெள்ளை அரிசி கிடைக்கிறது, நெல் குத்தியவர் வேலையை இழக்கிறார், உண்பவர் ஊட்டத்தை இழக்கிறார். இதில் எது முன்னேற்றம் எனக் கேட்டார். வார்தாவில் மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் ‘மகன் தீபம்’ என்ற விளக்கு உருவாக்கப்பட்டது. செக்கை மேம்படுத்தும் முயற்சிகளும் நடந்தன. பழைய கருவியை அப்படியே காப்பது அவர்கள் நோக்கமல்ல. கிராமத்துக் கொல்லரும் தச்சரும் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடிய கருவியைத் திருத்தி மேம்படுத்துவதே நோக்கம்.

நிலைத்த பொருளாதாரம்

1942 போராட்டத்தை ஒட்டிச் சிறையிலிருந்த காலத்தில் குமரப்பா இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் வாழ்வையும் போதனைகளையும் பற்றியது. மற்றொன்று ‘நிலைத்த பொருளாதாரம்’. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார்.

‘நிலைத்த பொருளாதாரம்’ இயற்கையிலிருந்து ஐந்து வகைகளைக் காட்டுகிறது.

1. ஒட்டுண்ணி முறை: பயன் தரும் உயிரையே அழித்துப் பிழைப்பது.
2. கொள்ளை முறை: மாந்தோப்பில் புகும் குரங்கைப்போல, உழைக்காமல் எடுத்துக்கொள்வது.
3. முயற்சி முறை: கூடு கட்டும் பறவையைப்போல, தன் உழைப்பின் பயனைத் தான் பெறுவது.
4. கூட்டு முறை: தேனீக்களைப்போல, தனக்காக அல்லாமல் கூட்டத்துக்காக உழைப்பது.
5. தொண்டு முறை: குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவையைப்போல, கைம்மாறு கருதாமல் கொடுப்பது.

மனித சமுதாயம் முதல் இரண்டிலிருந்து கடைசி இரண்டை நோக்கி நகர்வதே நாகரிகம் என்று அவர் கருதினார்.

இயற்கை வளங்களையும் அவர் இரண்டாகப் பிரித்தார். நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாதுக்கள் போன்றவை தேக்க வளங்கள். எடுக்க எடுக்கக் குறைபவை. காடு, மழை, ஆண்டுதோறும் விளையும் பயிர் போன்றவை ஓட்ட வளங்கள். அளவறிந்து எடுத்தால் மீண்டும் நிரம்புபவை. தேக்க வளங்களை நம்பும் நாடுகள் அவை தீரத்தீர அடுத்தவர் நிலத்தின்மேல் கண் வைக்கும், போர் அங்கேதான் பிறக்கிறது என்றார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் சிறையிலிருந்து எழுதிய கருத்து இது.

மதுரைச் சமவெளியில் இந்தப் பிரிவை எளிதில் புரிந்துகொள்ளலாம். மழையால் நிரம்பும் கண்மாய் ஓட்ட வளம். நிரம்பும் வேகத்தைவிட அதிக வேகத்தில் உறிஞ்சப்படும் ஆழ்துளைக் கிணற்று நீர், தேக்க வளத்தின் நிலையை அடைந்துவிடுகிறது. நகரின் தெற்கே வில்லாபுரம், அவனியாபுரம் போன்ற பகுதிகள் குடியிருப்புகளாக மாநகருக்குள் அடங்கிய பிறகு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி அங்கு பொருளியல் பாடமாக அன்றி அன்றாடக் கவலையாகவே இருக்கிறது.

அறம்: வாங்குபவரின் பொறுப்பு

குமரப்பாவின் சிந்தனையில் கடினமான பகுதி இதுவே. திருட்டுப் பொருள் எனத் தெரிந்து வாங்குபவர் திருட்டில் பங்காளி என்பதைச் சட்டமும் ஏற்கிறது. அப்படியானால் கொத்தடிமை உழைப்பாலோ, அடக்குமுறையாலோ மலிவாக வந்த பொருளை வாங்குபவரின் நிலை என்ன? விலை கொடுத்ததோடு கடமை முடிவதில்லை, பொருளோடு அதன் பின்னாலுள்ள வன்முறையும் வாங்கியவர் கணக்கில் சேர்கிறது என்றார் குமரப்பா.

இதிலிருந்து உள்ளூர்ப் பொருளை வாங்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். வெளியார்மேல் வெறுப்பு இதற்குக் காரணமல்ல. பக்கத்துத் தெருவில் நெய்பவருக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கிறதா என்பதை வாங்குபவர் நேரில் அறிய முடியும். பல்லாயிரம் மைலுக்கு அப்பால் நடப்பதை அறிய முடியாது. அறிய முடியாத இடத்தில் பொறுப்பும் ஏற்க முடியாது. எனவே தற்சார்பு அவருக்கு முதலில் அறநெறி, பிறகே பொருளாதாரத் திட்டம்.

விடுதலைக்குப் பின்

1938-ல் நேரு தலைமையில் காங்கிரஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவில் குமரப்பா இடம்பெற்றுச் சில மாதங்களில் விலகினார். பெருந்தொழிலை மையமாகக் கொண்ட திட்டத்தில் கிராமத்துக்கு இடமில்லை என்பதே காரணம். விடுதலைக்குப் பிறகு காங்கிரஸின் நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1949-ல் வெளியான அதன் அறிக்கை, இடைத்தரகரை நீக்குதல், உழுபவருக்கே நிலம், நில உடைமைக்கு உச்சவரம்பு, கூட்டுறவு வேளாண்மை ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. அவற்றில் பலவும் மாநிலங்களில் அரைகுறையாகவே நிறைவேறின.

1951-ல் சீனாவுக்கும் 1952-ல் சோவியத் ஒன்றியத்துக்கும் பயணம் செய்தார். அங்கே கண்ட நல்லவற்றை வெளிப்படையாகப் பாராட்டினார். இதனால் சிலர் அவரைப் பொதுவுடைமையாளர் என்றனர். அவரோ அதிகாரம் ஓரிடத்தில் குவிவதை, முதலாளியிடமானாலும் அரசிடமானாலும், ஒன்றுபோலவே எதிர்த்தார். அரசின் ஆடம்பரத்தையும் அயல்நாட்டு உதவியை நம்புவதையும் கண்டித்ததால் முன்னாள் தோழர்கள் பலரும் அவரிடமிருந்து விலகினர்.

கல்லுப்பட்டியில் இறுதிக் காலம்

1950களில் உடல்நலம் குன்றிய குமரப்பா, தே. கல்லுப்பட்டியில் கோ. வேங்கடாசலபதி 1940-ல் நிறுவிய காந்தி நிகேதனுக்கு வந்து ஒரு சிறு குடிலில் வாழ்ந்தார். கரிசல் நிலமும் மானாவாரிப் பயிரும் கண்மாய்ப் பாசனமும் உள்ள வட்டாரம் அது. அவருடைய அறைச் சுவரில் ஓர் ஏழைக் கிராமத்தானின் படம் இருந்தது. கேட்டவர்களிடம், தன் எஜமானரான காந்திக்கு எஜமானர் இவர்தான் என்று விளக்கம் சொன்னார்.

காந்தியின் நினைவு நாளான 1960 ஜனவரி 30 அன்று சென்னையில் காலமானார்.

மதிப்பீடு

குமரப்பாவின் கருத்துகள்மேல் நியாயமான கேள்விகள் உண்டு. மக்கள்தொகை பெருகிய நாட்டுக்குக் கைத்தொழில் மட்டும் போதுமான உடையையும் மருந்தையும் தருமா என்பது ஒன்று. கிராமம் தன்னிச்சையாக இயங்கினால் அங்கே வேரூன்றிய சாதி ஆதிக்கம் தளருமா, இறுகுமா என்பது மற்றொன்று. அம்பேத்கர் கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் இருப்பிடமாகக் கண்டு 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாகப் பேசினார். குமரப்பாவின் திட்டம் இக்கேள்விக்கு முழு விடை தந்ததாகக் கூற முடியாது.

ஆனால் அவர் எழுப்பிய கேள்விகளும் பழையனவாகவில்லை. எர்ன்ஸ்ட் ஷூமாக்கர் 1973-ல் வெளியிட்ட ‘சிறியதே அழகு’ நூலில் குமரப்பாவின் கருத்து மேற்கோளாக இடம்பெற்றது. தீரும் வளம், தீராத வளம் என்ற பிரிவு இன்று சூழலியலின் அடிப்படைப் பாடமாகிவிட்டது. ஆடை ஏற்றுமதி நிறுவனங்களிடம் தொழிலாளர் நிலை பற்றி வாங்குவோர் கேட்கும் கேள்வி, அவர் 1940களில் கேட்டதுதான்.

மலிவான ஒரு பொருள் கைக்கு வரும்போது அதன் மீதி விலையை யார் கொடுத்தார் என்று குமரப்பா கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தெரியாத சமூகம் விடுதலை பெற்றுவிட்டதாகச் சொல்ல முடியாது என்பதே அரசியல், அறிவியல், அறம் ஆகிய மூன்றிலும் அவர் எடுத்த நிலைப்பாட்டின் சாரம்.