ஈயமும் யானையும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருவீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றரையிலே, தேற்றாத்தீவு என்னும் ஊர் அமைந்துள்ளது. கலங்கிய நீரைத் தெளியவைக்கும் தேற்றா மரத்தின் பெயர் இவ்வூரின் பெயரில் நிற்கின்றது. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்கு அப்பால் படுவான்கரை, அங்கே வயல்வெளி, வயல் முடியுமிடத்தில் காடு. எழுவான்கரையில் குடியிருந்து, தோணியேறிப் படுவான்கரைக்குச் சென்று வேளாண்மை செய்வது இப்பகுதி மக்களின் நெடுங்கால வழக்கம்.

வாவியில் வீசும் வலைக்கும் வயலைக் காக்கும் துவக்குக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அதுவே ஈயம். வீச்சுவலையின் விளிம்பை நீருள் ஆழ்த்துவதும் ஈயக்குண்டு. பன்றியையும் யானையையும் வீழ்த்தியதும் ஈயக்குண்டு. ஒரே உலோகம் ஒரு கையில் உணவு தேடும் கருவியாகவும் மறு கையில் உயிர் கொல்லும் கருவியாகவும் நின்ற வரலாறு சிந்தித்தற்குரியது.

இரும்பை உருக்கக் கொல்லனும் உலையும் துருத்தியும் வேண்டும். ஈயத்திற்கு இவை எவையும் வேண்டா. 327 பாகை வெப்பத்தில் அது உருகிவிடும். சிரட்டைக் கரியின் தணலும் ஓர் இரும்புக் கரண்டியும் இரண்டாகப் பிளந்து மூடும் அச்சு ஒன்றும் இருந்தால், வீட்டு முற்றத்திலேயே குண்டு வார்த்துவிடலாம். துவக்கு எங்கே செய்யப்பட்டதாயினும், அதன் குண்டு அதனை ஏந்தியவனின் கையாலேயே பிறந்தது என்பதற்கு இதுவே காரணம்.

துவக்கு இந்நாட்டிற்குப் போர்த்துக்கேயருடன் வந்தது. 1505ஆம் ஆண்டையடுத்து அவர்கள் இலங்கைக் கரையில் காலூன்றினர். 1628இல் மட்டக்களப்பிலே கோட்டை கட்டினர். 1638இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் துணையுடன் ஒல்லாந்தர் அக்கோட்டையைக் கைப்பற்றினர். இதற்கு முன்னரே, சிங்களக் கொல்லர் செய்த துவக்குக் குழல்களின் சிறப்பை லின்சோட்டன் என்னும் ஒல்லாந்த யாத்திரிகர் வியந்து எழுதியுள்ளார். வாய்வழியே மருந்தையும் தக்கையையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கும் அவ்வகைத் துவக்கை இடியன் என்று மக்கள் அழைத்தனர்.

அக்காலத்திலே துவக்கின் அளவைக் குறிக்கும் முறையும் ஈயத்தைக் கொண்டே எழுந்தது. ஓர் இறாத்தல் ஈயத்திலிருந்து குழல்வாய்க்குப் பொருந்தும் உருண்டைக் குண்டுகள் எத்தனை வார்க்கலாமோ, அத்தொகையே துவக்கின் இலக்கம். பன்னிரண்டு குண்டுகள் வார்க்கலாமெனின் அது பன்னிரண்டாம் இலக்கம். எனவே இலக்கம் குறையக் குறையக் குண்டு பெரிதாகும். இன்றும் பன்னிரண்டாம் இலக்கத் துவக்கு என்று சொல்பவர், தம்மை அறியாமலே பழைய ஈய வார்ப்பாளனின் தராசை நினைவூட்டுகின்றனர்.

இத்தராசின் மறுமுனையில் நின்ற துவக்கு ஒன்று உண்டு. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்தவரும், பின்னர் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புகழ் பெற்றவருமான சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரின் துவக்கே அது. பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவர் 1840இல் அவருக்கென அதனைச் செய்து கொடுத்தார். அதன் நிறை 21 இறாத்தல். அதில் இடும் உருண்டைக் குண்டு 3 அவுன்சு. கூம்புக் குண்டு 4 அவுன்சு. ஒரு வெடிக்கு ஒரு முழு அவுன்சு மருந்து வேண்டும். அக்காலத்துப் போர்வீரனின் குண்டு ஏறத்தாழ ஓர் அவுன்சு நிறையே கொண்டது.

இத்துணைப் பெருங்குண்டு எதற்கு? யானையின் நெற்றி எலும்பு தேனடை போன்று அறையறையாக அமைந்தது. மூளை அதன் உட்புறத்திலே ஆழமாக இருக்கின்றது. தூய ஈயம் நகத்தாற் கீறக்கூடிய அளவுக்கு மென்மையானது. சிறிய மென்குண்டு அவ்வெலும்பிற் பட்டதும் தட்டையாகித் தங்கிவிடும். ஆகவே குண்டு கனமாகவும் இருத்தல் வேண்டும். கடினமாகவும் இருத்தல் வேண்டும். இதற்காக வேட்டைக்காரர் ஈயத்துடன் வெள்ளீயத்தையோ பாதரசத்தையோ கலந்து வார்த்தனர். பாதரசம் வெப்பத்தில் ஆவியாகும் இயல்பினது. அந்த ஆவி நஞ்சு என்பதை அக்காலத்து வேட்டைக்காரர் பொருட்படுத்தவில்லை. ஈயத்தூளும் உடலுக்குத் தீங்கு பயப்பதே என்று இன்றைய மருத்துவம் ஐயமின்றிக் கூறுகின்றது.

வார்ப்பு எளிய தொழில் போலத் தோன்றினும், பொறுமையைக் கேட்கும் தொழில் அது. உருகிய ஈயத்தின் மேலே மிதக்கும் கசட்டை அகற்றுவதற்கு முன் சிறிது மெழுகு இட்டுக் கிளறுவர். கசட்டோடு போகவிருந்த வெள்ளீயம் மீண்டும் ஈயத்திற் கலந்துவிடும். அச்சுக் குளிர்ந்திருந்தால் குண்டின் மேனி சுருங்கிப் போகும். அளவுக்கு மீறிச் சுட்டிருந்தால் குண்டு மங்கி வெளுக்கும். ஈரம் ஒரு துளி பட்டாலும் கொதிக்கும் ஈயம் சிதறி முகத்தில் அடிக்கும். வார்த்தபின் காம்பை வெட்டி, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்து, உள்ளே காற்றுக் குமிழி தங்கிய குண்டை மீண்டும் கரண்டியில் இடுவர். பிழைத்த குண்டு வீணாவதில்லை. அடுத்த வார்ப்பிற் சேர்ந்துவிடும்.

இத்துணைக் கவனத்துடன் வார்க்கப்பட்ட குண்டுகள் செய்த வேலை யாது? பதுளையிலே பணியாற்றிய மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி ஆயிரத்து நானூறு யானைகளுக்கு மேற் கொன்றார் என்று பேர்பெற்றவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். அரசாங்கமோ கொல்லப்பட்ட யானை ஒன்றுக்குச் சில சிலிங் வீதம் பரிசு வழங்கியது. குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலின்படி, 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்குப் பரிசு கோரப்பட்டது. 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்குப் பரிசு கொடுக்கப்பட்டது.

இவ்விரு மாகாணங்களின் கணக்கு இவ்வாறிருக்க, படுவான்கரைக் கமக்காரனின் நிலை வேறு. அவன் பரணிற் குந்தியிருந்து, தீ மூட்டியும் கூவியும் இரவைக் கழித்தான். யானை அவனுக்கு வேட்டைப்பொருள் அன்று. ஆறு மாத உழைப்பை ஓரிரவில் மிதித்தழிக்கும் இடர். அவனிடம் இருந்ததோ இடியன். அதன் குண்டோ சிறிது. அக்குண்டு பட்ட யானை உடனே இறப்பதில்லை. காயம் புழுத்து, நோவினால் வெறிகொண்டு, மறுநாள் வழிப்போக்கனை மிதிக்கும். பொழுதுபோக்குக்காகச் சுட்டவனிடம் போதிய குண்டு இருந்தது. தேவைக்காகச் சுட்டவனிடம் அது இல்லை. அக்காலத்துத் துன்பத்தின் உட்பொருள் இதுவே.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துவக்கின் அமைப்பு மாறியது. குண்டையும் மருந்தையும் பித்தளைக் குழலுள் அடைத்த தோட்டா வந்தது. அது பின்புறமாக இடப்பட்டது. 1871இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட மார்ட்டினி ஹென்றித் துவக்கு, அடிப்பிடியில் அமைந்த நெம்புகோலை இழுத்துத் திறக்கப்படுவது. அதன் குண்டு பன்னிரண்டு பங்கு ஈயமும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்தது. அமெரிக்காவிலே 1886இல் வெளிவந்த வின்செஸ்டர் துவக்கோ, நெம்புகோலை ஒருமுறை அசைத்ததும் வெறுங்குழலை வெளியே தள்ளி, அடுத்த பெருந்தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டது. கடைகள் தொலைவில் இருந்த அந்நாட்டு மேய்ச்சல் நிலங்களில், சுட்ட குழலைப் பொறுக்கியெடுத்து, புதிய குண்டு வார்த்து, மீண்டும் நிரப்புவது வழக்கமாயிற்று. அவ்வழக்கம் அங்கே இன்றும் ஒரு பொழுதுபோக்காக நிலைத்துள்ளது.

ஆயினும் பெரிய துவக்குகளுக்கான கைவார்ப்பு நெடுநாள் நிலைக்கவில்லை. 1886இல் பிரெஞ்சுப் படை ஏற்றுக்கொண்ட புகையில்லா மருந்து, குண்டை முன்னையிலும் மிகுந்த விரைவில் செலுத்தியது. அவ்விரைவைத் தாங்காத வெற்று ஈயம் குழலின் வரிப்பள்ளங்களிலே உரிந்து ஒட்டிக்கொண்டது. ஆதலால் குண்டுக்குச் செம்புக் கலவையினால் உறை போடவேண்டியதாயிற்று. உறை போடும் வேலை வீட்டு முற்றத்தில் நடப்பதன்று; அது ஆலைக்குரியது.

சட்டமும் காலப்போக்கில் மாறியது. யானையைக் கொன்றவனுக்குப் பரிசு கொடுத்த நாடு, 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தினால் யானையைக் காக்க முற்பட்டது. தமிழர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கும் கல்லோயாவை மறித்து நீர்த்தேக்கம் கட்டும் வேலை 1949இல் தொடங்கியது, காடு வயலாயிற்று. 1954இல் அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த நிலம் தேசிய வனமாக்கப்பட்டது. ஆனால் யானை தன் பழைய வழியை மறக்கவில்லை. கமக்காரனின் இடரும் நீங்கவில்லை. 2011இல் எடுக்கப்பட்ட கணக்கின்படி இலங்கையில் வாழ்ந்த காட்டு யானைகள் 5,879. நாட்டுத் துவக்குக் குண்டினாற் காயமுற்று, மெல்ல மெல்ல இறக்கும் யானைகள் இன்றும் உள. யானையால் உயிரிழக்கும் கமக்காரரும் உளர்.

ஈயத்திற்குத் தன்னளவில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அச்சு எதுவோ அதுவே அதன் வடிவம். பரிசுப்பணம் அச்சானபோது அது காட்டை வெறுமையாக்கியது; அச்சமே அச்சானபோது அது யானைக்கும் மனிதனுக்கும் ஆறாத புண்ணை விளைத்தது. வயலைச் சூழ்ந்த மின்வேலியும், யானை செல்லும் வழியை விட்டு அமைத்த பயிர்நிலமும், பயிரழிவுக்குக் காலந்தாழ்த்தாது கிடைக்கும் இழப்பீடுமே துவக்கின் தேவையைக் குறைக்க வல்லன. பரணிலே விழித்திருப்பவனுக்கு அவை கிட்டும்வரையில், குண்டு வார்க்கும் கரண்டி எங்கேனும் ஒரு தணலின்மேல் இருக்கவே செய்யும். அவை கிட்டும் நாளில் ஈயத்திற்கு வாவியிலே வேலை உண்டு. வலையின் விளிம்பில் அதன் இடம் என்றும் காத்திருக்கின்றது.