கீரைத் தட்டு வராத ஊர்

வடக்கு வியட்நாமில், ஹனோயின் பழைய நகரப் பகுதியில், பாட் டான் தெரு 49ஆம் எண் கடையில் காலையிலேயே வரிசை நிற்கும். காசை முதலில் கொடுத்துவிட வேண்டும். ஆவி பறக்கும் கிண்ணத்தை நாமே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, யார் எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்து உட்கார வேண்டும். உபசாரம் என்ற பேச்சே கிடையாது. தெற்கே சைகோனில், பாஸ்டர் தெருவில் உள்ள ‘ஃபோ ஹோவா’வில் நிலைமை நேர்மாறு. மேசை நமக்காகக் காத்திருக்கும்: தட்டு நிறையப் பச்சிலை, முளைப்பயறு, எலுமிச்சைத் துண்டு, மிளகாய், வாழையிலையில் கட்டிய பன்றியிறைச்சி, எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பண்டம். எதைத் தொட்டோமோ அதற்குக் கடைசியில் கணக்கு.

இரண்டு இடத்திலும் நாம் கேட்டு வாங்குவது ஒரே பண்டம், ஃபோ. (தமிழில் இப்படித்தான் எழுத முடிகிறது. அவர்கள் வாயில் அது ‘ஃபா’வை ஒட்டி வந்து, கேள்வி கேட்பதுபோல் இழுத்து முடியும்.)

அடிப்படை இரண்டு ஊருக்கும் பொது. மாட்டெலும்பை மணிக்கணக்கில் சிறுதீயில் விடுகிறார்கள். தணலில் சுட்ட இஞ்சியும் வெங்காயமும் அதில் விழும். கூடவே அன்னாசிப்பூ, பட்டை, கருப்பு ஏலக்காய். மூடியைத் திறந்தால் நமக்குப் பிரியாணி ஞாபகம் வருவதில் வியப்பில்லை. நம் மளிகைக் கடை அன்னாசிப்பூவில் கணிசமான பங்கு வியட்நாமிலிருந்து வருவதுதான். ஆனால் வாயில் வைத்தால் பிரியாணியின் காரமும் நெய்யும் இல்லை. மணம் ஏறிய நல்ல எலும்பு சூப். அதில் அரிசி மாவை ஆவியில் தாளாக வேகவைத்து நாடாவாக நறுக்கிய நூடுல்ஸ்.

இதற்குப் பிறகு வழி பிரிகிறது. ஹனோய்ச் சாறு தெளிந்தது. உப்பும் மீன் சாஸும் முன்னால் நிற்கும். இனிப்பு எலும்பிலிருந்து வந்தால் உண்டு. சில கடைகள் அதற்காக உலர்ந்த கடற்புழுவைப் போடுகின்றன. நாடா சற்று அகலம். மேலே வெங்காயத்தாள் ஒரு கை நிறைய. மேசையில் மிளகாய், புளிக்காடியில் ஊறிய பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை, அவ்வளவுதான். கீரைத் தட்டு வராது. சைகோன் சாறு கற்கண்டு சேர்ந்து தித்திப்பாக, கொஞ்சம் கலங்கலாக, கொழுப்பு மிதக்க வரும், நாடா மெல்லியது. அதில் திருநீற்றுப்பச்சிலையின் உறவுக்கார இலையைக் கிள்ளிப் போடுவதும், கொத்தமல்லி மணக்கும் ரம்ப விளிம்பு இலையைப் பிய்த்துப் போடுவதும், முளைப்பயற்றை அமுக்குவதும், எலுமிச்சை பிழிவதும் நம் வேலை. ஹனோயில் சமையல் அடுப்பங்கரையோடு முடிந்துவிடுகிறது. சைகோனில் அது மேசையில்தான் முடிகிறது. ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் ஒரே ருசியைச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வடக்கத்தியார் கறார், தெற்கத்தியார் தாராளம் என்று இதற்கு எளிதாக ஒரு காரணம் சொல்வார்கள். ஊருக்கு ஊர் குணம் ஒட்டும் இந்த வகை விளக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. சைகோனுக்கு அருகே மெகோங் கழிமுகத்தில் ஆண்டு முழுவதும் இலையும் தழையும் விளைகிறது. கரும்பும் தென்னையும் உண்டு. ஹனோய்க்குக் குளிர்காலம் என்று ஒன்று உண்டு. பாதிப் பதில் மண்ணிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி வரலாறு. ஃபோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கில், நாம் டின், ஹனோய் வட்டாரத்தில் உருவானது. 1954இல் ஜெனீவா ஒப்பந்தம் நாட்டைப் பிரித்தபோது எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தெற்கே போனார்கள். சைகோனில் ஃபோ பரவியது அவர்களால்தான். வந்த இடத்தின் சந்தையில் என்ன மலிவோ அது கிண்ணத்தில் ஏறியது. வடக்கிலோ அதற்கு நேர்மாறு: போர்க்காலப் பங்கீட்டில், 1960களின் அரசுக் கடைகளில் கறியே இல்லாத ஃபோ வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஓட்டுநர் இல்லாத ஃபோ’. தலைக்கு மேல் பறந்த அமெரிக்க ஆளில்லா விமானங்களைப் பார்த்து வைத்த பெயர்.

அதற்காக, வறுமைதான் ஹனோயின் கிண்ணத்தை எளிமையாக்கியது என்று சொல்லிவிட முடியாது. அந்த ஊருக்குப் பழைய பிடிவாதம் ஒன்று உண்டு. 1939 வாக்கில் வாரத்தில் இரண்டு நாள் மாட்டுக்கறி விற்பனை நின்றதால் கோழி ஃபோ தோன்றியது என்பார்கள். அதையே ஏற்காதவர்கள் இருந்தார்கள். எழுத்தாளர் நுயென் துவான் 1957இல் ஃபோவுக்கென்றே ஒரு கட்டுரை எழுதி, எது சரியான ஃபோ என்று வாதாடினார். லோ டூக் தெருவில் 1979இல் தொடங்கிய ‘ஃபோ தின்’ கடை, கறியைப் பூண்டோடு சட்டியில் வதக்கிப் போட்டது. புதுமைதான். ஆனால் கவனியுங்கள், அதுவும் சமையற்காரன் கையால் நடந்த புதுமை. உண்பவன் கைக்கு ஹனோய் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

சைகோன் கடைகளுக்கு இந்த இறுக்கம் இல்லாததால் யாரும் நுழையலாம். லீ சின் தாங் தெருவின் ‘ஃபோ பின்’ கடையில் கீழே அமெரிக்கச் சிப்பாய்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, மாடியில் அவர்களுக்கு எதிரான 1968 தெத் தாக்குதலுக்கான திட்டம் தயாரானது. ‘பின்’ என்றால் அமைதி.

என் நாக்கைக் கேட்டால், காய்ச்சலும் தனிமையும் சேர்ந்த நாளில் ஹனோய்க் கிண்ணம். நாலு பேர் கூடிப் பேசும் நாளில் சைகோன். ஆனால் அங்கே சிலர் கெட்டியான கருப்பு ஹொய்சின் சாஸைச் சாற்றுக்குள் ஊற்றிக் கலக்குவதை மட்டும் மன்னிக்க முடியவில்லை. ராத்திரி முழுக்கக் கொதித்ததை ஒரு நொடியில் குழம்பாக்குவது அது. தனிக் கிண்ணியில் வைத்துக் கறியைத் தொட்டுக்கொள்ளட்டும்.

1975இல் போர் முடிந்த பிறகு தெற்கிலிருந்து படகேறியவர்கள் கொண்டுபோனது இந்தக் கீரைத் தட்டுக் கிண்ணத்தைத்தான். டொரன்டோவிலோ கலிபோர்னியாவிலோ பாரிஸிலோ குளிருக்கு ஒதுங்கி ஃபோ குடித்த தமிழர்களுக்கும் பெரும்பாலும் இதுவே பழக்கம். அந்த நாடுகளில் பெயர்ப் பலகையில் 54, 75 என்று எண் போட்ட ஃபோ கடைகளைப் பார்க்கலாம். வீட்டை விட்டுக் கிளம்பிய ஆண்டுகளை நினைவூட்டும் எண்கள் அவை. அங்கே பழகிய நாக்கோடு ஹனோய் வரும் பயணி, பாட் டான் தெருக் கடையில் கிண்ணத்தை வைத்துவிட்டு, இலைத் தட்டு எங்கே என்று சுற்றுமுற்றும் தேடுகிறார். பின்னால் வரிசையில் நிற்பவர், இவர் எப்போது எழுந்திருப்பார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.