குரலிசைப் பட்டப்படிப்பும் பாடகர் தொழிலும்: திருச்சிராப்பள்ளி வட்டாரம்

குரலிசைப் பட்டப்படிப்பு என்பது கர்நாடக இசை வாய்ப்பாட்டைப் பாடத்திட்டம், பருவத் தேர்வு, சான்றிதழ் ஆகியவற்றோடு கல்லூரியில் கற்பிக்கும் முறை. மணப்பாறை போன்ற ஊரில் பிறந்து, பாட்டையே தொழிலாகக் கொள்ள நினைக்கும் பிள்ளைக்கு இன்று கைக்கு எட்டும் வழிகளில் இதுவே முக்கியமானது. வித்வான் வீட்டோடு தங்கிப் படிக்க ஜாதியும் உறவும் செல்வாக்கும் தேவைப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கல்லூரியில் சேர பிளஸ் டூ தேர்ச்சி போதும். அந்தக் கதவு திறந்தது சிறிய விஷயம் அல்ல. ஆனால் பட்டம் தருவது இசையறிவையும் ஆசிரியர் வேலைக்கான தகுதியையும்தான். மேடையைத் தனியாகச் சம்பாதிக்க வேண்டும்.

பின்னணி

மணப்பாறைக்குத் தென்கிழக்கே, புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுரக்கோவைகளை வரிசை வரிசையாக வெட்டியிருக்கிறார்கள். உருத்திராசாரியாரின் மாணவனான அரசன் ஒருவன் மாணவர்களின் நன்மைக்காக இதை அமைத்தான் என்று கல்வெட்டே சொல்கிறது. அந்த அரசன் மகேந்திரவர்ம பல்லவன்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாராக இருந்தாலும், பாடத்தை எழுதிப் பொதுவில் வைக்கும் எண்ணம் இந்த மண்ணுக்குப் பழையது.

திருவரங்கத்தில் இதற்கு நேர்மாறான மரபும் உயிரோடு இருக்கிறது. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் அரங்கன் முன் கூம்புக் குல்லாய் அணிந்து, கையில் தாளத்தோடு பிரபந்தம் சேவிக்கும் அரையர்களின் உரிமை பரம்பரையாக வருவது. தகப்பனிடம் மகன் கேட்டுக் கற்கும் அந்தப் பாடத்துக்குத் தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் கச்சேரிப் பாட்டைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தவர்கள் குருகுலத்தில் வளர்ந்தவர்களே. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய இசைக்கல்லூரி பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அது தந்த ‘சங்கீத பூஷணம்’ பட்டம் தமிழ்நாட்டில் பெரும் மதிப்புப் பெற்றது. அக்கல்லூரிக்குத் தலைமை வகித்தவர்களில் ஒருவரான டி. எஸ். சபேசையரிடம் முன்பே பல ஆண்டுகள் பாடம் கேட்டவர், திருச்சி மாவட்டத்துப் பொம்மலபாளையத்தில் பிறந்த முசிறி சுப்பிரமணிய ஐயர். 1949இல் சென்னையில் மத்திய கர்நாடக இசைக்கல்லூரி தொடங்கப்பட்டபோது முசிறியே அதன் முதல் முதல்வர் ஆனார். தன் குரு வீட்டில் கற்ற பாடாந்தரத்தை மணியடித்து நடக்கும் வகுப்புக்கு ஏற்ப மாற்றும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே படித்து 1951இல் ‘சங்கீத வித்வான்’ பட்டம் பெற்ற சீர்காழி கோவிந்தராஜன் கச்சேரி மேடையிலும் திரையிலும் ஒருசேரப் புகழ் பெற்றார். கல்லூரிப் படிப்பு பாடகரை உருவாக்காது என்று சொல்வோருக்கு அவர் பெயரே போதுமான மறுமொழி.

கல்லூரி வாசலை மிதிக்காமல் வந்தவர்களும் இதே வட்டாரத்தில் உண்டு. திருச்சியில் வளர்ந்த எம். கே. தியாகராஜ பாகவதர் நாடக மேடையில் தேறி, மதுரை பொன்னு ஐயங்காரிடம் பாடம் கேட்டு, 1934இல் பவளக்கொடி வழியாகத் திரைக்கு வந்தார். இணைந்து பாடிய ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர். சிவசுப்பிரமணிய ஐயரின் தந்தை வெங்கடேசையர், மாணவராக வந்த ஸ்ரீநிவாச ஐயரையும் மகனோடு உட்காரவைத்துப் பாடம் சொன்னார். இருவரும் அடுத்தடுத்து 1964, 1965ஆம் ஆண்டுகளில் ‘சங்கீத கலாநிதி’ விருது பெற்றார்கள்.

படிக்கும் இடங்கள்

மணப்பாறையிலிருந்து திருச்சி சுமார் 40 கி.மீ. திருச்சியில் பாட்டுப் படிப்புக்கு முதலில் நினைவுக்கு வருவது கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி. அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் 1977இல் தொடங்கிய கலைக்காவிரி நிறுவனத்திலிருந்து வளர்ந்த இக்கல்லூரி, 1982இல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது. கத்தோலிக்க நிறுவனம் ஒன்று பரதத்துக்கும் வாய்ப்பாட்டுக்கும் வீணைக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் பட்டம் தரும் இடமாக நிலைபெற்றது திருச்சியின் பெருமைகளில் ஒன்று.

திருவரங்கம் மூலத்தோப்பில் கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றை மூன்றாண்டுகள் கற்பித்துச் சான்றிதழ் வழங்குகிறார்கள். 12 முதல் 25 வயதுக்குட்பட்டோர் சேரலாம். குரலிசைக்கு ஏழாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கட்டணம் மிகக் குறைவு. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கும் இசையில் ஒரு சான்றிதழ் கிடைக்க வழி வைத்திருப்பது இந்தப் பள்ளியின் சிறப்பு.

சற்றுத் தள்ளிப் போக முடிந்தவர்களுக்குத் திருவையாற்றில் 1965 முதல் இயங்கும் அரசு இசைக்கல்லூரி உண்டு. ‘இசைக்கலைமணி’ பட்டயமும் இசை ஆசிரியர் பயிற்சியும் இங்குள்ள வழக்கமான படிப்புகள். இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் 2013இல் சென்னையில் உருவானது. ஆய்வு வரை படிக்க நினைப்போருக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறை பக்கத்திலேயே இருக்கிறது.

வகுப்பறையில்

பாடத்திட்டம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். சரளி வரிசை, ஜண்டை, தாட்டு, அலங்காரம், கீதம், சுரஜதி, வர்ணம், பிறகு கீர்த்தனை. ஏட்டுப் பாடத்தில் 72 மேளகர்த்தா, 35 தாளம், தேவாரப் பண்கள், சிலப்பதிகார அரங்கேற்று காதை, ஆபிரகாம் பண்டிதரின் கருணாமிர்த சாகரம் (1917), விபுலாநந்தரின் யாழ் நூல் (1947). குருகுலத்தில் பத்தாண்டு இருந்தவர்களுக்கும் கிடைக்காத இசை வரலாற்றறிவு கல்லூரி மாணவருக்கு மூன்றாண்டில் கிடைக்கிறது.

சிக்கல் சுருதியில் வருகிறது. ஆண் குரல் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் நிற்கும். பெண் குரலுக்கு ஐந்து, ஐந்தரை. பதினைந்து பேர் ஒரே அறையில், ஒரே சுருதிப்பெட்டிக்குத் தொடையில் தாளம் தட்டி வர்ணத்தை இரண்டு காலத்தில் பாடும்போது யாரோ ஒருவர் குரல் அடிபடும். சுருதி ஏறினால் பையன்கள் மேல் ஷட்ஜமத்தில் கத்துகிறார்கள். இறங்கினால் பெண்களின் மந்திர ஸ்தாயி காற்றாகப் போகிறது. கூட்டத்தில் பாடுகிறவருக்குத் தன் பிசகு தன் காதிலேயே விழாது. நல்ல ஆசிரியர் ஒவ்வொருவரையும் தனியே எழுப்பிப் பாடவைத்து, “சேரல, மறுபடி பாடு” என்று நிறுத்துவார். ஒரு மணி நேர வகுப்பில் ஒருவருக்கு நான்கு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

ஆலாபனை, நிரவல், கற்பனை சுரம் போன்ற மனோதர்மப் பகுதிகளை நான்கு நிமிடத்தில் கற்க முடியாது. அவை கேள்வி ஞானத்தாலும், ஒரே ராகத்தை ஆசிரியரோடு வாரக்கணக்கில் பாடிப் பாடியும் வருவன. ஆகவேதான் மேடைக்கு வர நினைக்கும் மாணவர்கள் கல்லூரியில் படித்துக்கொண்டே வெளியே ஒரு பாட்டு வாத்தியாரிடமும் போகிறார்கள். இதைக் கல்லூரியின் குறையாகப் பார்க்கத் தேவையில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் படிப்பு முழுமையாகிறது.

தொழில்

பட்டத்துக்குப் பிறகு வாசல் வானொலி. 1939 மே 16இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம் மாவட்டத்துக் கலைஞர்களுக்கு இன்றும் அங்கீகாரம் தரும் முதல் இடம். குரல் தேர்வில் பாடுபவர் யார் என்று தெரியாமல், குரலை மட்டும் கேட்டு மதிப்பிடுவது வழக்கம். பி, பி-ஹை, ஏ, டாப் எனத் தரங்கள் உண்டு. ‘ஏ கிரேடு ஆர்ட்டிஸ்ட்’ என்ற சொல் கச்சேரி அழைப்பிதழில் பட்டத்தைவிடக் கனமாக ஒலிக்கும். அந்தக் குரல் தேர்வில் பட்டதாரியும் பட்டம் இல்லாதவரும் சமம்.

வருமானத்தைப் பொறுத்தவரை உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. கச்சேரியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவோர் மிகக் குறைவு. பெரும்பாலோர் வீட்டில் பாட்டு கிளாஸ் எடுக்கிறார்கள், தனியார் பள்ளியில் இசை ஆசிரியராகச் சேர்கிறார்கள், இணைய வழியே வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார்கள். மணப்பாறை வேப்பிலை மாரியம்மன் சித்திரைத் திருவிழா போன்ற விழாக்களில் மெல்லிசைக் குழு மேடைகளும் உண்டு. திரைப்பாட்டுப் பாட யாரும் பட்டம் கேட்பதில்லை. ஆனால் சுரக்குறிப்பைப் பார்த்தவுடன் பாடத் தெரிந்தவருக்குப் பதிவுக்கூடத்தில் நேரம் மிச்சமாகும். அங்கே அது காசு.

அரசுப் பணி வாய்ப்பு குறுகலானது. ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் அறிவித்த 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களில் உடற்கல்விக்கு 663, ஓவியத்துக்கு 327, தையலுக்கு 249. இசைக்கு மாநிலம் முழுவதற்கும் 86 மட்டுமே. இந்த எண்ணிக்கை உயராதவரை, பட்டம் பெற்று வரும் பாடகர்களுக்குப் பள்ளியில் இடம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டு வாத்தியாரும் இல்லை. மணப்பாறைக் கிராமத்துப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு நல்ல சாரீரம் இருப்பதை முதலில் கண்டுசொல்ல வேண்டியவர் அந்த ஆசிரியர்தான்.

பாடும் பிள்ளை வீட்டில் இருந்தால் பெற்றோர் பிளஸ் டூ ரிசல்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பதினேழு வயதில் சரளி வரிசை தொடங்குகிறவருக்கு மூன்றாண்டுப் பட்டம் கிடைத்துவிடும், கச்சேரி செய்யும் குரல் கிடைப்பது கடினம். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் பாட்டு கற்க 5 வயது முதலே சேர்க்கிறார்கள்.