73 டாலர் என்னும் கணக்கு

2008ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் அரசியல் மேடைகளிலும் ஓர் எண் ஓயாது ஒலித்தது: மணிக்கு 73 டாலர். டெட்ராய்ட் கார்த் தொழிலாளியின் ஊதியம் என்று அது பலராலும் சொல்லப்பட்டது. அவர் கைக்கு வந்த கூலியோ ஏறத்தாழ 28 டாலரே. எஞ்சியதில் காப்பீடு முதலிய சலுகைகளோடு, முன்னரே ஓய்வு பெற்றுவிட்டவர்களுக்கான செலவும் சேர்ந்திருந்தது. வேலையிலிருப்போர் தொகை குறையக் குறைய, முதியோரின் செலவு எஞ்சியவர் தலையில் கூடுதலாக வகுபடும். ஆட்குறைப்பும் அவ்வெண்ணைப் பெருக்கியது என்பது நோக்கத்தக்கது.

இச்சலுகைகள் எங்ஙனம் தோன்றின? 1936 டிசம்பர் 30 அன்று ஃபிளிண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே அமர்ந்துவிட்டனர்; 44 நாள் போராட்டத்துக்குப் பின் நிறுவனம் சங்கத்தை ஏற்றது. 1950இல் 'டெட்ராய்ட் உடன்படிக்கை' எனப் பெயர்பெற்ற ஐந்தாண்டு ஒப்பந்தம் பிறந்தது. ஆலையில் அமைதிக்கு ஈடாக ஓய்வூதியமும் மருத்துவக் காப்பீட்டில் பங்கும் கிடைத்தன. சங்கத் தலைவர் வால்டர் ரூதர், நாட்டினர் அனைவருக்கும் பொதுவான மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று வாதிட்டவர். அது கைகூடாமையால், அரசு ஏற்றிருக்க வேண்டிய பொறுப்பு நிறுவனத்தின் கணக்கேட்டில் ஏறியது.

2008 டிசம்பரில் செனட்டில் மீட்பு நிதி மசோதா வீழ்ந்தது. ஊதியத்தை 2009இலேயே அயல்நாட்டு நிறுவனங்களின் அமெரிக்க ஆலைகளின் அளவுக்குக் குறைக்க வேண்டும் என்றனர் குடியரசுக் கட்சியினர். ஒப்பந்தம் முடியும் 2011 வரை இயலாது என்றது சங்கம். ஓய்வூதியமே இல்லாத வரிகொடுப்போர் பிறரது ஓய்வூதியத்துக்கு ஏன் பணம் தர வேண்டும் என்ற வினாவும் எழுந்தது. அவ்வினாவை நாம் எளிதாகப் புறந்தள்ளிவிட முடியாது. ஆயினும், ஓய்வூதியம் என்பது கொடை அன்று. உழைத்த நாளில் கொடாமல் தள்ளிவைத்த கூலி. அவ்வகையில் அது கடனே.

டிசம்பர் 19 அன்று புஷ் 1,740 கோடி டாலர் கடன் அறிவித்தார். 2009இல் கிறைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் சென்று மீண்டன. முதியோர் மருத்துவ நிதிக்குச் சேரவேண்டிய பணத்தின் பெரும்பகுதி பங்குகளாக மாறியது; விலைவாசிப்படி நின்றது. 2023 வேலைநிறுத்தத்துக்குப் பின்னரே அப்படி மீண்டது.

நிறுவனம் தந்த வாக்கு நிறுவனத்தின் ஆயுளைத்தான் கொண்டிருக்கும். முதுமையும் நோயும் அதற்குக் காத்திருப்பதில்லை. மீட்பு நிதி குறித்த வாதங்களுக்கு அடியில் கிடந்த கேள்வி இதுவே என நாம் கருதுகிறோம்.