செவலைக்கு ஒரு மண்காளை

கொட்டாம்பட்டி பக்கம் மாடு தீவனம் எடுக்காமல் படுத்துவிட்டால், மாட்டு டாக்டரைக் கூப்பிட ஒருவர் ஓடும்போதே வீட்டுப் பெண்கள் அய்யனாரை வேண்டிக்கொள்வார்கள்: "எந்திரிச்சு நடந்துட்டா மண்ணுல ஒரு மாடு செஞ்சு வைக்கிறேஞ் சாமி." மண்காளை உருவாவது அந்த வார்த்தையில்தான்.

மேலூர், சிங்கம்புணரி வட்டாரத்தில் அய்யனாருக்கு மண்குதிரைகளும் காளைகளும் கொண்டுபோய் வைக்கும் புரவி எடுப்புக்கு முதல் வேலை பிடிமண் கொடுப்பது. ஊர்ப் பெரியவர்கள் கையால் ஒரு பிடி மண் வாங்கிய பிறகே மண் வனையும் வேளார் வேலையைத் தொடங்குவார். கண்மாய்க் களிமண்ணோடு மணலும் வைக்கோலும் கலந்து மிதிப்பார்கள். முதலில் எழும்புவது நான்கு கால்கள், உள்ளே கூடாக. அவை இறுகிய பிறகே வயிறு, கழுத்து, தலை. அவசரப்பட்டால் தன் கனம் தாங்காமல் காளை உட்கார்ந்துவிடும். காய்ந்ததும் விராட்டியும் வைக்கோலும் அடுக்கிய சூளையில் வேகும்.

வண்ணம் பூசும் நாளில் ஒரு பெரியம்மா வேளாரிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அண்ணே, நெத்தியில வெள்ளைச் சுட்டி வைங்க. இடது கொம்பு கொஞ்சம் மடங்குனாப்புல இருக்கணும். அப்பத்தான் எங்க செவலைன்னு சாமிக்குத் தெரியும்." கொம்புதான் ஏற்கெனவே வெந்துவிட்டதே! வேளார் மறுக்கவில்லை, வண்ணத்திலேயே மடக்கிக் காட்டினார். கோயில் காளை செத்தால் ஊரே கூடி மாலை போட்டு அடக்கம் செய்கிற மண்ணில் இது வேடிக்கையான பேச்சல்ல.

கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். பிறகு மாலை, கொட்டு, குலவை. ஊர்ப் புரவிகளைக் கம்பு கட்டிப் பலர் தோள்கொடுத்துத் தூக்க, சின்னக் காளைகள் நேர்ந்தவர்களின் தலையிலும் தோளிலுமாகக் கோயிலுக்குப் போகும்.

வைத்ததை யாரும் திரும்ப எடுப்பதில்லை, பழுதும் பார்ப்பதில்லை. டெல்லி கைவினை அருங்காட்சியகத்திலும் அய்யனார் குதிரைகள் உண்டு. அழகுதான், ஆனால் அவற்றை நேர்ந்துகொண்ட மனிதர் அருகில் இல்லாதது எனக்கு வலிக்கிறது.

அடுத்த எடுப்பில் பார்த்தபோது செவலையின் வண்ணம் வெளுத்துச் சுட்டி மறைந்திருந்தது. ஒரு கொம்பு ஒடிந்து கீழே கிடந்தது. பெரியம்மா அதை எடுத்து மண் தட்டி, காளையின் முன்னங்கால்களுக்கு நடுவே வைத்தார். "வீட்டுல அது தண்ணிக்குக் கத்திக்கிட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.